கல்லின் தலையெழுத்து

பத்து மணிக்கு வருகிறேன் என்றவள் பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் நிற்கிறாள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நேரத்துக்கு முந்தி வருகிறவர்கள் எதையோ கேட்கத்தான் வருவார்கள், முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் கிளார்க்காக உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஒன்றுதானா, இன்னொன்றும் கற்றுக்கொண்டேன், அதை இப்போது நினைக்கக் கூடாது. "தோத்திரம் ஐயா" என்கிறாள். நானும் தோத்திரம் சொல்லிப் பூட்டைத் திறக்கிறேன். இவள் எமிமாள், குழிவெட்டி யோபுவின் மகள். யோபு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மகளுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, காதோரம் நரைத்துவிட்டது, கல்யாணம் இல்லை, காலில் நல்ல ஷூ. என் மகன் போடுகிறதைவிட நல்ல ஷூ, அதை நான் பார்க்கவில்லை என்றால் பொய். அம்மா ராகேல் படுத்த படுக்கையாகக் கிடப்பதால் லீவு போட்டு வந்திருக்கிறாள், வந்த இடத்தில் இந்த டப்பா விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று பெயராம். ஒருத்தர் ஒரு டப்பாவுக்குள் நோட்டும் பென்சிலும் போட்டு எங்கேயாவது ஒளித்து வைப்பாராம், இடத்தின் கணக்கைப் போனில் ஏற்றிவிடுவாராம், முன்பின் தெரியாதவர்கள் போனைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்து அதைக் கண்டுபிடித்து, நோட்டில் பேரை எழுதிவிட்டு டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்களாம். எடுத்துக்கொண்டு போக மாட்டார்களா என்று கேட்டேன். மாட்டாங்க ஐயா, அதுதான் விளையாட்டே என்றாள். இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி வாங்க வேண்டுமாம், அது ஒரு விதியாம். சபையின் சேகரச் செயலரான இந்த ஞானசிகாமணியிடம் அனுமதி கேட்கும் ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், அதனால் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். இப்போது வெயிலில் நிற்கிறேன்.

"முதல் குடி கல்லெல்லாம் இந்த வரிசைதானய்யா?" என்று கேட்டபடி முன்னால் நடக்கிறாள். கேட்க வேண்டிய கேள்வியா இது. முதல் வரிசை, ஏழு கல், ஏழு குடும்பம், அதில் முதல் கல் எங்கள் தாத்தா சந்தோஷம் உபதேசியார். சொந்த ஊரில் பண்ணையார் அடித்து விரட்டி, போக்கிடம் இல்லாமல் நின்றவர்களுக்கு பார்லோ ஐயர் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் இந்தத் தேரிக்காட்டை விலைக்கு வாங்கி, செம்மணலில் குடிவைத்து, பொறுமைபுரம் என்று பெயரும் வைத்தார். இந்த ஊரில் எவனிடமும் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்துப் பெயராக வைத்திருக்கிறார், தமிழ் சரியாக வராத மனுஷன். ஏழு குடும்பத்திலும் மூத்த குடும்பம் நாங்கள். அசனப் பண்டிகைக்கு ஆட்டுக்கறி கொதித்து இறங்கினதும் முதல் இலை எங்களுக்கு, கோவிலில் முதல் பெஞ்சு எங்களுக்கு, இந்த வரிசையில் என் மனைவி சுகிர்தம் கிடக்கிறாள், அவள் பக்கத்தில் ஆறடி எனக்கு. எமிமாள் குனிந்து ஒவ்வொரு கல்லின் தலையையும் தடவி நோட்டில் எழுதுகிறாள். "ஐயா, ஒவ்வொரு கல்லுக்கு மேலயும் ஒரு எழுத்து இருக்கு பாருங்க. ங, ச, ரு, சு, எ, அ. உங்க கல்லுல மட்டும் எழுத்தைச் செதுக்கி எடுத்திருக்கு. எல்லாத்தையும் சேத்தா ஏதாவது வார்த்தை வருதா? வந்தா நல்ல விடுகதையா வச்சிருவேன்." வராது, அது வீட்டுப் பேரு என்றேன். ஊரே அப்படித்தான் சொல்கிறது. ச என்றால் சவரியான் வீடு, எ என்றால் எபநேசர் வீடு, அ என்றால் அருமைநாயகம் வீடு. ங என்றால் என்ன வீடு என்று எவனும் கேட்டதில்லை, ங-வில் தொடங்கி உலகத்தில் ஒருத்தனுக்கும் பேர் கிடையாது என்பது எவனுக்கும் உறைத்ததும் இல்லை. அறிவுகெட்ட ஜனங்கள். அவர்களின் அறிவின்மையால்தான் நான் முதல் இலையில் சாப்பிடுகிறேன்.

நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தது வந்துவிட்டது, வரட்டும். ஆபீசில் கற்றுக்கொண்ட இன்னொன்று தமிழ் எண். பழைய பத்திரங்களில் எல்லாம் அதுதான், ஒன்றுக்கு க மாதிரி, இரண்டுக்கு உ மாதிரி, மூன்றுக்கு ங மாதிரி, அப்படியே ச, ரு, சு, எ, எட்டுக்கு அ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமை எழுத்தர் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்தார். அந்த வருஷம் ஈஸ்டர் காலையில் மெழுகுவத்தியோடு இந்த வரிசையில் வந்து நின்றேன், பாட்டுப் பாதியில் கல் எழுத்துகளை எண்ணாக வாசித்துவிட்டேன். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. வீட்டுப் பேர் இல்லை, குடியேறின வரிசை. எங்கள் சந்தோஷம் தாத்தா கல்லின் தலையில் செதுக்கி எடுத்த பள்ளம். அது என்ன எழுத்து என்று எனக்குத் தெரியும், நான் சின்னப் பையனாக இருக்கும்போது அப்பா அதைச் செதுக்கி எடுத்தார், உ. பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்கள் உங்க தாத்தா கல்லுல பிள்ளையார் சுழி போட்டிருக்குலே, செத்தும் மாறலையா என்று கேலி செய்தார்கள் என்று நான் அழுதுகொண்டு வந்தேன், மறுநாள் அப்பா உளியோடு வந்தார். பிள்ளையார் சுழி இல்லை, இரண்டு. நாங்கள் இரண்டாவது. பிறகு ஆபீஸ் அலமாரியில் தேடித் தேடி பார்லோ ஐயர் மனை பிரித்துக் கொடுத்த பத்திரத்தின் நகலையும் எடுத்துவிட்டேன், எட்டு மனை, இரண்டாம் மனை சந்தோஷம், முதல் மனைக்காரர் பேர் இருந்த இடத்தைச் செல் அரித்திருந்தது. செல்லுக்கு நன்றி சொன்னேன். அப்போதிருந்து க எங்கே, க எங்கே என்று இந்தத் தோட்டம் முழுக்க எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை, மண்ணுக்குள் போயிருக்கும், போகட்டும். ஆனால் ஒரு இடத்தில் நூல் சிக்கிக்கொள்கிறது. அப்பா தமிழ் வாத்தியார். வாத்தியாருக்கு எண் தெரியாமலா இருக்கும். என் அழுகைக்காகச் செதுக்கினாரா, இல்லை என் அழுகை அவருக்கு வசதியாக வந்து வாய்த்ததா. அன்று உளியை அவ்வளவு ஓங்கி அடித்தது கேலிக்கு வந்த கோபமா, வேறு ஏதாவதா. சாகும்போது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, பதில் தெரிந்துவிடும் என்ற பயம்.

"ஐயா, இன்னொண்ணு கேக்கணும்." வந்துவிட்டது, இதற்குத்தான் ஐந்து நிமிடம் முந்தி வந்தாள். நோட்டை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அம்மா ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான்யா. மதிலுக்கு உள்ள வைக்கணும்னு கேக்கா. இத்தன வருஷம் உள்ளதான வேலை செஞ்சேன், படுக்க மட்டும் வெளியவான்னு கேக்கா." ராகேலா, ராகேல் பேசவும் செய்வாளா, எங்கள் வீட்டுப் படியில் நின்று ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசினதில்லை. மதிலுக்கு உள்ளே முதல் குடி வாரிசுகள் மட்டும், மற்றவர்கள் வெளியே, குழிவெட்டிக் குடும்பம் அதற்கும் அப்பால் உடைமுள் காட்டு ஓரம், இது நான் போட்ட சட்டமா. நான் பாதுகாக்கிற சட்டம், அவ்வளவுதான். சுகிர்தம் போனது கார்த்திகை அடைமழையில். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, யோபு வெட்ட வெட்ட இந்த ராகேல் உள்ளே இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்று வாளியால் இறைத்து வெளியே ஊற்றினாள், இரண்டு மணி நேரம். பெட்டியை இறக்குகிற நேரத்தில் அடி மண் காய்ந்த மாதிரி இருந்தது, மேலே தன் சேலையை விரித்துத் துடைத்திருக்கிறாள். நான் பார்த்தேன். பார்த்து என்ன, மறந்தேன். "கமிட்டில வைக்கணும் பிள்ள, நான் ஒருத்தன் சொல்லி ஆகுற காரியமா" என்கிறேன். ஆகும். நான் ஒருத்தன் சொன்னால் ஆகும், அது அவளுக்கும் தெரியும். "நீங்க சொன்னா ஆகும்யா" என்கிறாள். பாக்கலாம் என்றேன். பாக்கலாம் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவனுக்குத் தனியாக ஒரு சிலை வைக்கலாம், இல்லை என்று சொல்லாமலே கொன்றுவிடலாம்.

டப்பாவை வெளியே வைக்கிறேன் என்று மேற்குச் சின்ன வாசல் வழியாகப் போகிறாள், உடைமுள் காட்டுப் பக்கம், அவள் ஆட்கள் கிடக்கிற இடம். கல் கிடையாது அங்கே, மண் மேடுதான், இரண்டு மழையில் அதுவும் கரைந்துவிடும். யோபு எங்கே கிடக்கிறான் என்று அவளுக்கே திட்டமாகத் தெரியுமோ என்னவோ. நான் வாசலில் வேப்ப நிழலில் நின்றுகொள்கிறேன். களைக்கொத்தியால் முள்ளை ஒதுக்கிக் குழி பறிக்கிறாள், அப்பன் மகள்தான், குனிகிற விதமே தனி. கண் கூசுகிறது, செம்மணலில் வெயில் எரிகிறது, காலையில் இட்லியோடு மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை, போட்டிருப்பேன். டங் என்று ஒரு சத்தம். கல்லில் இரும்பு படுகிற சத்தம். வேராக இருக்கும். வேரில் டங் என்று கேட்காது. "ஐயா! இங்கன ஒரு கல்லு கிடக்கு!" நடக்கிறேன், முள் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது, பிடுங்கிக்கொண்டு நடக்கிறேன். இரண்டு கையாலும் மண்ணை வழித்துப் போடுகிறாள், உள்ளே இருக்கிற அதே கருங்கல், அதே உயரம், அதே உளி. மார்த்தாள் என்று பெயர். பெயருக்கு மேலே, தலையில், இத்தனை வருஷம் நான் தேடின க. வெளியே கிடந்திருக்கிறது. மதிலுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன் முட்டாள் மாதிரி. மதில் கட்டினது மகன்மார் காலத்தில், அஸ்திவாரம் தோண்டினவர்களுக்கு இந்தக் கல் கண்ணில் படாமலா வளைத்திருப்பார்கள். அளந்து வளைத்திருக்கிறார்கள். முதலில் வந்தவள் ஒரு பொம்பளை, அதுவும் இவர்கள் வீட்டுப் பொம்பளை. என் தாத்தா இவள் பின்னால் வந்தவர்.

"மார்த்தாள்! எங்க அப்பா வழியில அந்தப் பேரு உண்டுய்யா, எங்க அத்தை பேரும் மார்த்தாள்தான். இதுலயும் எழுத்து இருக்கு பாருங்க, க. க-ன்னா என்ன வீடுய்யா?" அவள் முகத்தைப் பார்க்கிறேன். சந்தோஷம், வெறும் சந்தோஷம், வேறு ஒன்றும் இல்லை. இவளுக்குத் தெரியவில்லை. இவ்வளவு படித்தவளுக்கு, பெங்களூரில் எந்நேரமும் எண்ணோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, தன் பாஷையில் ஒன்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கை முழுக்க மண், போன் பைக்குள் கிடக்கிறது, இன்னும் ஒரு நிமிடத்தில் கையைத் துடைத்துவிட்டு எடுப்பாள், போட்டோ பிடிப்பாள், உலகத்துக்கு ஏற்றுவாள், எங்கேயோ ஒரு வேலையற்ற பயல் இது ஒன்று என்று எழுதுவான். ஒரு நிமிடம் போதும் எனக்கு. "போனை எடுக்காத பிள்ள" என்கிறேன், குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் பேசுகிற குரலில். "இது வீட்டுப் பேரு இல்ல. சொல்லவே கஷ்டமா இருக்கு. பார்லோ ஐயர் காலத்துல நடத்தை கெட்டுச் சபையை விட்டு நீக்கினவங்க கல்லுல க போடுவாங்க. கழிக்கப்பட்டவன்னு அர்த்தம்." என் வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வருகிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் வந்திருக்குமோ. அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் அணைகிறதைப் பார்க்கிறேன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். "கழிச்சவளுக்கு எதுக்குய்யா கல்லு வச்சாங்க?" என்று கேட்கிறாள். நல்ல கேள்வி. கெட்டிக்காரி. "மத்தவங்களுக்கு எச்சரிக்கைக்கு" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை, எழுத்து அப்படியே இருக்கிறதே. "கமிட்டிக்காரன் எவன் கண்ணுலயாவது பட்டா முடிஞ்சுது. கழிக்கப்பட்டவ வம்சம்னு பேச்சு வந்துட்டா, உள்ள இருக்கட்டும், வெளியகூட உங்க அம்மைக்கு இடம் கேக்க முடியாது. இந்த எழுத்து மட்டும் இல்லைன்னா நான் தைரியமா பேசுவேன். உள்ள வைக்கவே பேசிப் பாக்கேன்." அவள் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள், கண் நிறைந்திருக்கிறது. "எடுத்துரட்டுமாய்யா?" என்கிறாள். நான் எடு என்று சொல்லவில்லை. உங்க குடும்பக் கல்லு, உன் இஷ்டம் என்றேன். சொன்னது அதுதான், எவன் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். களைக்கொத்தியின் முனையால் தட்டத் தொடங்குகிறாள். முதல் அடி சறுக்குகிறது, இரண்டாவது அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுகிறது. பழங்காலத்து உளி, ஆழமாக இறக்கியிருக்கிறான் பாவி, லேசில் போகவில்லை. கையில் கொப்புளம் கண்டிருக்கும், ஒருதரம் நிறுத்தி உள்ளங்கையை ஊதிக்கொள்கிறாள், மறுபடி தட்டுகிறாள். மன்னிச்சுக்கோ ஆத்தா, மன்னிச்சுக்கோ ஆத்தா என்று அவள் வாய்க்குள் முனகுவது எனக்குக் கேட்கிறது. கழிக்கப்பட்டவளாகவே இருந்தாலும் ஆத்தாதானே. எனக்கு நெஞ்சில் ஏதாவது செய்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், செய்கிறது, நிம்மதி. பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்கிறேன். "கீழ ஒரு கோடு இன்னும் தெரியுது பாரு" என்கிறேன். சரிய்யா என்று அதையும் தட்டி எடுக்கிறாள். ஊதிவிடுகிறாள், பொடி பறக்கிறது. பெயர் மட்டும் இருக்கிறது, மார்த்தாள், எந்த மார்த்தாளாகவும் இருக்கலாம்.

பைக்குள் போன் அடிக்கிறது. கையை உடுப்பில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்க்கிறாள், அம்மாதான்யா என்கிறாள், விரலெல்லாம் காந்துவதால் காதில் வைக்காமல் சத்தமாகப் பேசும்படி போட்டுக் கல்மேல் வைக்கிறாள். ராகேலின் மூச்சுதான் முதலில் வருகிறது, அப்புறம் குரல். "எங்கட்டி இருக்க? கஞ்சி வச்சுட்டுப் போறேன்னு போன." கல்லறைத் தோட்டத்துலம்மா, செக்ரட்டரி ஐயாகூட இருக்கேன், உன் விஷயம் பேசியாச்சு, ஐயா பாக்கேன்னு சொல்லிட்டாங்க என்கிறாள் மகள், சந்தோஷமான குரலைச் சிரமப்பட்டு வரவழைத்துக்கொண்டு. பிறகு பொறுக்கமாட்டாமல், "அம்மா, நம்ம ஆளு கல்லு ஒண்ணு கிடைச்சிருக்கும்மா. மார்த்தாள்னு" என்கிறாள். ராகேலின் குரல் சட்டென்று உயர்கிறது. "மார்த்தாளா? தலையில ஒண்ணு போட்டிருக்காட்டி?" ஒண்ணா, க-ன்னுதான் போட்டிருந்துச்சு என்கிறாள் மகள். "அந்தக் கானாதான்ட்டி ஒண்ணு. பழைய கணக்குல கானாதான் ஒண்ணு. எங்க மாமியா சொல்லிச் சொல்லி மாயும். இந்த ஊருக்கு முதமுதல்ல வந்து கிணறு வெட்டினது நம்ம மார்த்தாள்தான், ஒண்ணாம் கல்லு நம்ம கல்லு, மதிலு கட்டுறப்ப வெளிய தள்ளிட்டாங்கன்னு. கல்லு எங்க கிடக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. கல்லைக் காட்டாம சொன்னா சிரிப்பாங்கன்னுதான் நான் உன்கிட்டகூடச் சொல்லல. எம்மா, அதை நல்லாக் கழுவிப் போட்டோ எடுத்து கமிட்டிக்குக் காட்டுட்டி. அது போதும். என்னை உள்ள வைப்பாங்க." எடுத்தியா, எடுத்தியாட்டி என்று ராகேல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், இருமல் வந்து லைன் போய்விட்டது.

தேரியில் காற்று இல்லை. அவள் கல்லின் தலையை விரலால் தடவுகிறாள், புதிதாக வெள்ளைவெளேர் என்று இருக்கிற அந்த இடத்தை. இப்போது நிமிர்ந்து பார்ப்பாள். நோட்டில் எழுதி வைத்திருக்கிறாளே, ங, ச, ரு, சு, எ, அ, இரண்டு நிமிடம் யோசித்தால் போதும், கெட்டிக்காரி. பார்த்தால் என்ன சொல்வது. கிழவிக்குக் காய்ச்சலில் புத்தி தடுமாறுகிறது என்று சொல்லலாம். பொய் என்று கத்துவாளோ, கத்தட்டும், எழுத்து எங்கே என்று கேட்பேன், எவன் எடுத்தான் என்று கேட்பேன். நிமிர்கிறாள். என் முகத்தில் எதையோ தேடுகிறாள், நான் முகத்தை அப்படியே வைத்திருக்கிறேன், முப்பத்தோரு வருஷம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வைத்திருந்த முகம். "ஐயாவுக்கு அது எண்ணுன்னு தெரியாதுல்ல?" என்கிறாள். குரலில் சந்தேகம் இல்லை. கெஞ்சல் இருந்தது, தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்கிற கெஞ்சல். "எனக்கு எப்படிப் பிள்ள தெரியும், பெரியவங்க சொன்னதை நான் சொன்னேன்" என்றேன். தலையை ஆட்டினாள். "நீங்க என்னய்யா பண்ணுவீங்க. நான்தான். என் கையாலயே..." என்று சொல்லி நிறுத்தி, ரத்தம் கண்டிருந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பழியை அவள்மேல் போட நான் ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை, அவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள், அது சரியாக உட்காரும்படி நான் அழுத்திவிட்டால் மட்டும் போதும்.

"அவசரப்பட்டுட்டியே பிள்ள" என்கிறேன்.

"ஆமாய்யா" என்கிறாள்.